முதல் 12 பேரில் மூன்று பேர்: சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மேயர் அவர்களுக்கும், சென்னை மாமன்றத்தின் 200 வார்டு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் 18 வருடம் கணக்கு எழுதியவன். பவளக்காரத் தெரு வழியாக எத்தனை ஆயிரம் தடவை நடந்திருப்பேனோ, ஒரு தடவைகூட அந்தப் பெயரை நின்று யோசித்ததில்லை. காலை பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் வந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள்: மீன்பாடி வண்டியில் இருபதடி இரும்புக் குழாயை ஏற்றிக்கொண்டு ஒருவர் மிதிப்பார், இன்னொருவர் பின்னால் தள்ளுவார், குழாயின் நுனியில் ஒரு சிவப்புத் துணி ஆடும், எதிரே வருகிற ஆட்டோக்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்குவார். அந்த நெரிசலில் பவளம் யாருக்கு ஞாபகம் வரும்?

எனக்கு ஞாபகப்படுத்தியவர் ஒரு பத்தர். என் அப்பத்தாவின் பவள மாலை நூல் இற்று அறுந்துவிட்டது. அலமாரிக்கு அடியிலும் பாய்க்கு அடியிலும் உருண்ட மணிகளைப் பொறுக்கி ஒரு சம்படத்தில் போட்டு, திரும்பக் கோத்து வாங்கலாம் என்று அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பழைய மணி, வழவழப்பு கொஞ்சம் மங்கியிருந்தது, துளையின் ஓரத்தில் நூல் தேய்த்துத் தேய்த்து ஒரு சின்னப் பள்ளம். "இத்தாலிப் பவளம் தம்பி. நம்ம கடல்ல இந்தச் சிவப்பு கிடையாது" என்றார். நான் அதுவரை ராமேஸ்வரம் பக்கம் எடுத்தது என்றே நினைத்திருந்தேன். மன்னார் வளைகுடாவில் முத்து உண்டு, சங்கு உண்டு, பவளப்பாறைகூட உண்டு, ஆனால் மாலையாகக் கோக்கிற அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் விளைவது. அப்படியென்றால் இத்தாலிக்கும் மண்ணடிக்கும் நடுவில் யாரோ நின்று கைமாற்றியிருக்க வேண்டும் இல்லையா? அந்த யாரோ ஒருவரைத் தேடிப் போய்த்தான் உங்கள் மாமன்றத்து வாசலில் வந்து நிற்கிறேன்.

1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதி வந்தால் "இந்தியாவிலேயே மிகப் பழைய மாநகராட்சி" என்று பெருமையாகச் சொல்கிறோம், சரியான பெருமைதான். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துப் பட்டயம் அது, தேதி 1687 டிசம்பர் 30. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவரோடு 12 ஆல்டர்மேன்கள், அதாவது மேயருக்கு அடுத்த நிலை அவை உறுப்பினர்கள். வரி வசூலிக்க வேண்டும், அதை ஊர்க்காரர்களே விதித்துக்கொண்ட மாதிரி இருந்தால் எதிர்ப்பு குறையும் என்பது லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டின் கணக்கு. அதனால் ஆங்கிலேயர்களோடு நிற்காமல் ஊரில் இருந்த ஒவ்வொரு வணிகக் கூட்டத்திலிருந்தும் ஆள் எடுத்தார்கள். சின்ன வெங்கடாத்ரி இருந்தார், ஆலங்காத்த பிள்ளை இருந்தார். அந்தப் பன்னிரண்டு பேரில் மூன்று பேர் யூதர்கள்.

நான் எழுத வந்த விஷயம் இந்த மூன்று பேர்தான். உங்கள் அவையில் முதல் நாளிலேயே நாற்காலி போடப்பட்டவர்கள். அவர்களுடைய சனம் எங்கிருந்து, எதனால் இங்கே வந்தது என்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1492இல் ஸ்பெயினின் அரசரும் அரசியும் ஓர் ஆணை போட்டார்கள். மார்ச் 31 தேதியிட்ட ஆணை. ஜூலை முடிவதற்குள் யூதர்கள் ஞானஸ்நானம் பெற வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். பல நூறு வருடம் அங்கேயே பிறந்து அங்கேயே செத்த குடும்பங்களுக்கு நாலு மாத அவகாசம். பாதிப் பேர் பக்கத்திலேயே போர்ச்சுகலுக்கு ஓடினார்கள் என்றுகூடச் சொல்லலாம், அவ்வளவு பேர். அங்கே 1496 கடைசியில் அதே மாதிரி ஆணை வந்தது, 1497இல் போகவும் விடாமல் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்புறம் அவர்களுக்கு "புதிய கிறிஸ்தவர்கள்" என்று பெயர். மதம் மாறியாயிற்று, இனி நிம்மதி என்று பார்த்தால் அதுவும் இல்லை. இன்குவிசிஷன் என்ற மத விசாரணை ஆரம்பித்தது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் அன்றைக்குச் சலவைத்துணி உடுத்தினார்கள், யார் பன்றிக்கறியை ஒதுக்கினார்கள் என்று அக்கம்பக்கத்தார் போய்ச் சொல்லலாம், சொன்னால் போதும். ஒரு வீட்டுப் புகைக்கூண்டில் புகை வராதது குற்றமாகி, அதற்குச் சிறை, சொத்துப் பறிமுதல், சில பேருக்கு நெருப்பு.

அந்த நெருப்பு நம் நாட்டிலும் எரிந்தது. கோவாவில் 1560இல் இன்குவிசிஷன் தொடங்கியது. கார்சியா ட ஓர்த்தா என்ற மருத்துவர் 1534இல் அங்கே வந்தவர். இந்திய மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி 1563இல் கோவாவிலேயே அச்சிட்ட பெரிய நூல் அவருடையது. அவர் 1568இல் இறந்தார். அடுத்த வருடமே, ரகசியமாக யூத மதத்தைக் கடைப்பிடித்தார் என்று அவருடைய தங்கை கத்தரினாவைக் கோவாவில் எரித்தார்கள். 1580இல் கார்சியாவின் எலும்புகளையே கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்தார்கள். செத்துப் பன்னிரண்டு வருடம் ஆன மனிதருக்கு விசாரணை, தண்டனை! இதைப் படித்த அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிளம்பியவர்கள் போன ஊர்களைச் சொன்னால் ஒரு உலகப்படமே ஆகிவிடும். துருக்கி சுல்தான் இரண்டாம் பயசித் ஏற்றுக்கொண்டார், சலோனிகா நகரம் அவர்களால் நிறைந்தது. ஆம்ஸ்டர்டாம் இன்னொரு கூட்டத்துக்கு வீடானது. அங்கிருந்து டச்சுக்காரர்களோடு சிலர் பிரேசிலின் ரெசிஃபே வரைக்கும் போனார்கள், 1654இல் போர்த்துகீசியர் அந்த ஊரைத் திரும்பப் பிடித்தபோது மறுபடியும் மூட்டை கட்டினார்கள், அதில் 23 பேர் போய் இறங்கிய சின்னத் துறைமுகம்தான் இன்றைய நியூயார்க். இங்கிலாந்து 1290இலேயே யூதர்களைத் துரத்திய நாடு. ஆம்ஸ்டர்டாமிலிருந்து மெனாசே பென் இஸ்ரேல் என்ற ரபி, அதாவது யூத மதகுரு, போய் அப்போது இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல்லிடம் மனு கொடுத்து, 1656இலிருந்து லண்டனில் மெல்ல வெளிப்படையாக வாழ ஆரம்பித்தார்கள். அந்த ரபிக்கே குழந்தையில் வைத்த போர்த்துகீசியப் பெயர் வேறு, மனுவேல் டியாஸ் சோயெய்ரோ. இவர்களில் நிறையப் பேருக்கு இப்படி இரண்டு பெயர், கணக்குப் புத்தகத்தில் ஒன்று, தொழுகைக்கூடத்தில் ஒன்று. நம் பழைய ஆவணங்களில் இவர்களை அடையாளம் காண்பது கஷ்டமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ரோட்ரிகஸ் என்றும் போர்டோ என்றும் பார்த்தவுடன் போர்த்துகீசியக் கிறிஸ்தவர் என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

சரி, பவளத்துக்கு வருகிறேன். இத்தாலியில் லிவோர்னோ என்று ஒரு துறைமுகம். டஸ்கனியின் பெருங்கோமகன் முதலாம் பெர்டினாண்டோ 1591லும் 1593லும் சாசனம் கொடுத்து எல்லா நாட்டு வணிகர்களையும், முக்கியமாக யூதர்களை, வாருங்கள் என்று கூப்பிட்டார். முன்னே நீங்கள் கிறிஸ்தவராக வாழ்ந்தீர்களா என்று யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள் என்ற உறுதியோடு கூப்பிட்டார். மற்ற இத்தாலிய ஊர்களில் யூதர்களை மதில் வைத்த சேரிகளில் அடைத்திருந்த காலத்தில் லிவோர்னோவில் அந்த மதில் இல்லை. அங்கே பவளத் தொழில் அவர்கள் கைக்கு வந்தது. சார்டினியா, கார்சிகா கடலில், மரச் சிலுவை மாதிரி ஒன்றில் வலைகளைக் கட்டி இறக்கிப் பாறையோடு இழுத்து வருவார்கள், கிளை உடைந்து வலையில் சிக்கும். அதை அறுத்து, உருட்டி, துளையிட்டு, நிறம் பார்த்துத் தரம் பிரித்துப் பெட்டியில் வைத்து லண்டனுக்கு. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் கம்பெனிக்குக் கட்டணம் கட்டிக் கப்பலில் ஏற்றுவார். அங்கிருந்து அரை வருடத்துக்கும் மேலான கடல் பயணம், சென்னைக்கு. நம்மூரில் கல்யாணப் பெண்ணின் கழுத்துக்கும் செவ்வாய் தோஷத்துக்கு மோதிரம் போட்டவர்களுக்கும் அந்தச் சிவப்பு வேண்டியிருந்தது.

பவளம் விற்ற காசுக்கு வைரம். கோல்கொண்டா ராஜ்ஜியத்தில் கிருஷ்ணா கரையில் கொல்லூர் சுரங்கம், உலகத்துக்கே வைரம் கொடுத்த இடம் அப்போது. தாவர்னியே என்ற பிரெஞ்சு நகை வணிகர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக 60,000 பேர் வேலை செய்ததாக எழுதியிருக்கிறார். (அந்த 60,000 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது.) பட்டை தீட்டாத கல்லைச் சின்னப் பையில் கட்டி முத்திரை வைத்து லண்டனுக்கு அனுப்புவார்கள். இந்த வியாபாரத்துக்கு இங்கே நம்பிக்கையான ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், கல்லைப் பார்த்தவுடன் விலை சொல்லத் தெரிந்தவர். அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் சென்னை யூதர்கள்.

முன்னால் வந்தவர் ஜாக் ட பாய்வா, ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்தைச் சேர்ந்தவர். சுரங்கப் பகுதிக்கே போய்வந்தார், 1687இல் இங்கேயே இறந்தார். பார்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ டு போர்டோ, அல்வாரோ ட ஃபொன்செகா மூவரும் சேர்ந்து இங்கே பெரிய வணிகம் நடத்தினார்கள். கொஞ்சம் பின்னால் ஐசக் அபெந்தானா, கவர்னர் தாமஸ் பிட்டுக்கு வைர விஷயத்தில் யோசனை சொன்னவர், 1709இல் இறந்தார். 18ஆம் நூற்றாண்டில் டி காஸ்ட்ரோ, பிராங்கோ, சாலமன்ஸ் குடும்பங்கள். ஆனால் சென்னை யூதர் என்று எங்கேயாவது பேச்சு வந்தால் எல்லாரும் சொல்கிற ஒரே கதை, பாய்வாவின் மனைவி கணவர் இறந்த பிறகு கவர்னர் எலிஹு யேலோடு வாழப் போனது. ஒரு சமூகத்தின் நூறு வருட வாழ்க்கையில் நாம் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு வீட்டு விவகாரம் மட்டும்தானா? எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர்கள் ஏன் கோவாவை விட்டுவிட்டு சென்னையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பஸ் டிக்கெட் போதும். சாந்தோமிலிருந்து கோட்டை வரைக்கும் ஆறு கிலோமீட்டர் இருக்குமா? சாந்தோம் போர்த்துகீசியர் ஊர், கோட்டை ஆங்கிலேயருடையது. 1649இல் எப்ரயீம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் பாதிரியார், கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கர்களுக்கு ஊழியம் செய்தவர், சாந்தோமுக்குப் போன இடத்தில் பிடித்துக் கோவா இன்குவிசிஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கிறிஸ்தவர், அதுவும் துறவி. அவரை மீட்டுக் கொண்டுவரவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. பாதிரியாருக்கே அந்தக் கதி என்றால் ஒரு யூதனுக்கு? கோட்டை மதிலுக்கு உள்ளே தன் சொந்தப் பெயரில் தொழலாம், செத்தால் தன் எழுத்தில் கல் வைக்கலாம். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று, கார்சியாவின் எலும்புகளை நினைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

கொச்சியில் இந்தக் கதை இன்னும் பழையது, இன்னும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே ஆயிரம் வருடம் முன்பே சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு இருக்கிறது, வட்டெழுத்தில். ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்ததும் அவர்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் "பரதேசி". 1568இல் அவர்கள் கட்டிய தொழுகைக்கூடத்துக்கும் அதே பெயர்தான், மட்டாஞ்சேரியில் அரண்மனைக் கோயிலை ஒட்டி ராஜா கொடுத்த நிலத்தில் இன்றும் நிற்கிறது. நாம் திட்டுவதற்கு வைத்திருக்கிற வார்த்தைக்கு அங்கே வெளிதேசத்தான் என்ற பழைய பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. அந்தச் சமூகத் தலைவருக்கு ராஜா கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? முதலியார். காஸ்தியேல் என்ற ஸ்பானியக் குடும்பத்துப் பெயரோடு முதலியார்! எனக்கு இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. அதே பரதேசிகள் அங்கே ஏற்கெனவே இருந்த மலபார் யூதர்களைத் தங்களுக்குச் சமமாக நடத்தவில்லை, தாங்கள் விடுதலை செய்த அடிமைகளின் வாரிசுகளைத் தொழுகைக்கூடத்துக்குள் சரியாக உட்காரவிடவில்லை, அதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். அடிபட்டு வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லி நான் உங்களிடம் கேட்கவில்லை.

கொச்சிக்குப் போகிறவர்கள் பார்க்க ஒரு கட்டடம் இருக்கிறது. நம் ஊரில் ஆர்மீனியர்களுக்குக்கூட ஒரு தேவாலயம் மிஞ்சியிருக்கிறது. அவர்கள் தெருவைத்தான் வாய்ப்பேச்சில் "அரண்மனைக்காரத் தெரு" ஆக்கிவிட்டோம், இருந்தாலும் ஆர்மீனியன் என்ற சத்தத்தின் ஒரு துண்டாவது அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பவளக்காரத் தெருவில் சரக்கின் பெயர் தங்கிவிட்டது, கொண்டுவந்த ஆளைக் காணோம். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது, இங்கே வைர வியாபாரம் சுருங்கியது, கம்பெனியின் கவனம் வங்காளத்துப் பக்கம் போனது, 18ஆம் நூற்றாண்டு முடியும்போது சிலர் லண்டனுக்குத் திரும்பிவிட்டார்கள், சிலர் இங்கேயே மண்ணானார்கள். பின்னால் அதே தெருவுக்கு நகரத்தார் வந்தார்கள், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் அங்கிருந்து கணக்கு நடந்தது, அது இன்னொரு பெரிய கதை.

மண்ணானவர்களின் மயானம் முதலில் பெத்துநாயக்கன்பேட்டையில், தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கற்கள் ஒரு தடவைக்கு மேல் இடம் மாறி இப்போது லாயிட்ஸ் ரோட்டில், அதாவது அவ்வை சண்முகம் சாலையில், ஒரு சின்ன இடத்தில் நிற்கின்றன. பத்துப் பதினைந்து கற்கள்தான். ஹீப்ரு எழுத்து வெட்டிய கல். அந்தச் சாலையில் தினமும் எத்தனை ஆயிரம் பேர் போகிறோம்!

இனி நான் கேட்பது. பெரிய செலவு எதுவும் இல்லை.

வருகிற செப்டம்பர் 29 அன்று, மாமன்றத்தில் அந்த முதல் பட்டயத்தில் உள்ள மேயர், ஆல்டர்மேன்கள் எல்லாருடைய பெயரையும் சத்தமாக வாசியுங்கள். வெங்கடாத்ரி பெயரும் ஆலங்காத்த பிள்ளை பெயரும் அந்த யூதர்கள் பெயரும் நம் அவைக்குறிப்பில் தமிழ் எழுத்தில் ஏறட்டும். அப்புறம், பவளக்காரத் தெரு முனையில் ஒரு பலகை வையுங்கள். இப்போது இருக்கும் தெருப்பெயர்ப் பலகைக்குக் கீழே நாலு வரி போதும். லாயிட்ஸ் ரோடு கற்களை யாராவது ஹீப்ரு தெரிந்தவரை வைத்துப் படியெடுத்து, தமிழில் மொழிபெயர்த்து மாநகராட்சி வலைத்தளத்தில் போடுங்கள், மழையிலும் வெயிலிலும் எழுத்து மழுங்குவதற்கு முன்னால்.

இந்த நேரத்தில் யூதர் பற்றிப் பேசினால் பாலஸ்தீனம் பக்கம் பேச்சு போய்விடுமே என்று உங்களில் சிலர் தயங்கலாம். காஸாவில் நடப்பதைப் பற்றி எனக்கும் வேதனை உண்டு, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆனால் இவர்கள் 1680களில் கடல் வழியாக வந்து இறங்கிய வேறு ஒரு கூட்டம், நம் ஊர்க்காரர்களாக இங்கே வரி கட்டியவர்கள், நம் அவையில் உட்கார்ந்தவர்கள்.

பலகைக்கு என்ன எழுதலாம் என்று நானே எழுதிப் பார்த்தேன், வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள்:

"ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மத விசாரணைக்குத் தப்பி, ஆம்ஸ்டர்டாம், லிவோர்னோ, லண்டன் வழியாகச் சென்னைக்கு வந்த யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில் மூன்று பேர் இந்தச் சமூகத்தவர். இந்தத் தெருவின் பெயர் அவர்கள் விற்ற சரக்கின் பெயர்."

மண்ணடிப் பகுதி உறுப்பினர் யாராவது நேரில் பார்க்க வருவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள், வண்டி நெரிசல் இருக்காது. தெரு முழுக்க நான் கூட நடந்து காட்டுகிறேன். அப்பத்தாவின் மாலையையும் எடுத்து வருகிறேன், பத்தர் பட்டுநூலில் நன்றாகக் கோத்துக் கொடுத்திருக்கிறார்.

இப்படிக்கு,
மண்ணடியில் 18 வருடம் கணக்கு எழுதிய ஒருவன்